கடலோர ஊருக்கு எந்தக் கீபோர்டு?

அடையாறு எல்.பி. ரோட்டில் அரிஹந்த் இ-பார்க் என்ற அலுவலகக் கட்டடம் இருக்கிறது. டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் முகவரி அதன் 9வது தளம். 1911ல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய குழுமத்தின் கிளை இது. கடைகளில் கரகரவென்று பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் வழியாகப் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால், தட்டச்சு செய்து பிழைப்பவர்களிடம் டிவிஎஸ் என்று சொன்னால் அவர்கள் நினைவுக்கு முதலில் வருவது ‘கோல்டு’ கீபோர்டுதான்.

வங்கிக் கவுன்ட்டர், டி.டி.பி. சென்டர், நீதிமன்றத்தைச் சுற்றியிருக்கும் ஜாப் டைப்பிங் கடைகள், பத்திரிகைகளின் கம்போசிங் பிரிவு என்று எங்கே போனாலும் அதன் ‘டிக் டிக்’ சத்தம் கேட்கும். பார்க்க ஒன்றும் அழகில்லை. வண்ண விளக்கு கிடையாது. கறுப்பாக, கனமாக, மேசையின் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தட்டச்சுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இன்றும் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்று இன்றைக்கு இளைஞர்கள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் பொருளை, அந்தப் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் இந்த ஊர் பல காலமாகத் தட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது சந்தை நிரம்பி வழிகிறது. ரெட், பிரவுன், ப்ளூ, சில்வர், மேக்னடிக், ஆப்டிக்கல் என்று பெயர்கள். 5 கோடி தட்டு தாங்கும், 10 கோடி தட்டு தாங்கும் என்று பெட்டியின் மேல் எண்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பழக்கம் வந்த பிறகு அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் ஃபிளாட்டுகளில் இதை வாங்காத மென்பொருள்காரர்கள் குறைவு. வாங்கியவர்களில் பலர் ஓராண்டு கழித்து ஒரே புகாரைச் சொல்கிறார்கள்: ஒரு தடவை தட்டினால் எழுத்து இரண்டு தடவை விழுகிறது. பெட்டியில் போட்டிருந்த கோடிக் கணக்கு என்ன ஆயிற்று?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடிக் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் கீபோர்டின் ஆயுளைத் தீர்மானிப்பது உப்புக் காற்றும், பழுதானால் கழற்றி மாற்ற முடியுமா என்பதும்தான். அதற்கு அடுத்தபடியாக, நீங்கள் எந்த மொழியில், எந்த முறையில் தட்டுகிறீர்கள் என்பது முக்கியம். தமிழில் எழுதுகிறவர் விரலுக்கும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் விரலுக்கும் வேலை ஒன்றல்ல.

உள்ளே என்ன இருக்கிறது?

சாதாரணக் கீபோர்டைப் பிரித்தால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்களும் அவற்றின் மேல் ரப்பர் குமிழ்கள் பதித்த ஒரு விரிப்பும் இருக்கும். விசையை அழுத்தினால் குமிழ் அமுங்கி, தாள்களில் அச்சிட்ட மின்கடத்தி மைக்கோடுகள் ஒன்றையொன்று தொடும். எழுத்து விழும். அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும் என்பதால் ஒவ்வொரு தட்டும் தரையில் மோதி முடிகிறது. நாளாக ஆக ரப்பர் இறுகுகிறது. சில விசைகள் கல்லாகவும் சில விசைகள் தொளதொளவென்றும் ஆகின்றன. ஒரு குமிழ் போனால் அதை மட்டும் மாற்ற வழியில்லை. முழுக் கீபோர்டும் குப்பைக்குத்தான்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுவிட்ச். மேல் கூடு, கீழ்க் கூடு, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, அதைத் தூக்கிவிடும் ஸ்பிரிங், பக்கவாட்டில் ஒரு மெல்லிய உலோகத் தகடு. தண்டு மேலே இருக்கும்போது அதன் புடைப்பு அந்தத் தகட்டைத் தள்ளி விலக்கி வைத்திருக்கும். தண்டு இறங்கியதும் தகடு விடுபட்டு எதிர்த்தகட்டைத் தொடும். மொத்த இறக்கம் 4 மி.மீ.; எழுத்து விழுவது சுமார் 2 மி.மீ. ஆழத்தில். பாதி வழியிலேயே வேலை முடிந்துவிடுவதால் பழகிய விரல் அடிவரை போகாமல் அடுத்த எழுத்துக்குத் தாவிவிடும். மணிக்கணக்கில் தட்டுகிறவர்களுக்கு விரல் மூட்டில் வலி குறைவதற்கு இந்த 2 மி.மீ. முக்கியக் காரணம்.

இன்று உலகம் முழுவதும் விற்கும் சுவிட்சுகளில் பெரும்பாலானவை 1983ல் உருவான ஒரே வடிவத்தின் வழிவந்தவை. செரி என்ற நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச் அது. வால்டர் செரி என்பவர் 1953ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய அந்த நிறுவனம், பிறகு ஜெர்மனியின் அவுவர்பாக் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. 2010களின் நடுவில் எம்எக்ஸ் வடிவத்தின் காப்புரிமை காலாவதியானது. அதற்குப் பிறகு சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து கேட்டரான், கைல், அவுட்டெமு என்ற பெயர்களில் அதே அளவு, அதே தண்டு, பாதி விலையில் சுவிட்சுகள் வந்து குவிந்தன. நகல்தானே என்று இவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். தண்டு வழுக்கிச் செல்லும் மென்மையில் கேட்டரான் பல சமயம் மூலத்தையே மிஞ்சுகிறது.

செரி வைத்த வண்ணப் பெயர்களையே ஏறத்தாழ எல்லோரும் பின்பற்றுகிறார்கள். ரெட் நேராக இறங்கும்; தடையும் தெரியாது, சத்தமும் கிடையாது. சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். பிரவுனில் பாதி வழியில் ஒரு சிறு தடை விரலில் படும், 55 கிராம். ப்ளூவில் அந்தத் தடையோடு ‘டிக்’ என்ற ஒலியும் சேரும், 60 கிராம். ரெட் போலவே நேராக இறங்கி, 60 கிராம் கேட்பது பிளாக். இந்த எடைகளை வீட்டிலேயே சோதிக்கலாம். தடித்த, வெள்ளை நிறப் பழைய 5 ரூபாய் நாணயம் ஒவ்வொன்றும் 9 கிராம். ஐந்தை அடுக்கி விசையின் நடுவில் வைத்தால் 45 கிராம். ரெட் என்று சொல்லி விற்ற கீபோர்டில் அந்த அடுக்கை வைத்தும் எழுத்து விழவில்லை, ஆறு, ஏழு நாணயம் தேவைப்படுகிறது என்றால், உங்களுக்குக் கொடுத்திருப்பது வேறு ஏதோ.

கோல்டில் நெடுங்காலமாக இருந்தது செரி எம்எக்ஸ் ப்ளூ. வெளிநாடுகளில் ஆர்வலர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் சுவிட்ச், இங்கே மூவாயிரம் ரூபாய் அளவில் பில் போடும் மேசைக்கு வந்து சேர்ந்தது பெரிய விஷயம். இப்போது வாங்குகிறவர்கள் ஒரு விசையின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். செரி சுவிட்ச் என்றால் மேல் கூட்டில் அந்தப் பெயர் பொறித்திருக்கும். கடைக்காரர் சொல்லை நம்புவதைவிட அது மேல்.

2010 ஜூலையில் ரூபாய்க்கு மத்திய அரசு புதுக் குறியை ஏற்றது. வடிவமைத்தவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரரான உதயகுமார். பிறகு ‘கோல்டு பாரத்’ என்ற பெயரில் அந்தக் குறி பொறித்த கீபோர்டு வந்தது. நம் ஊர்க்காரர் வரைந்த குறி நம் ஊர் நிறுவனத்தின் கீபோர்டில் ஏறியதை நினைத்தால் எனக்கு இப்போதும் மகிழ்ச்சிதான்.

‘யளனகபக’ பழகிய விரல்கள்

கோல்டு இந்த ஊரில் ஏன் இவ்வளவு வேரூன்றியது? விலை ஒரு காரணம். ஆனால், அதைவிடப் பெரிய காரணம் இங்கே தெருவுக்குத் தெரு இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள். பத்தாவது முடித்த கையோடு லோயர், அடுத்து ஹையர் என்று சேர்த்துவிடுவது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வழக்கம். தேர்வை நடத்துவது அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். இன்ஸ்டிடியூட்டில் கற்றவர்கள் பழகியது இரும்பு இயந்திரத்தில். யாழ்ப்பாணத்தவரான ஆர்.முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைத்துக் கொடுத்த காலந்தொட்டு, ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ் என்று பல பொறிகள் தமிழ் பேசின. ஃபேசிட் ஏஷியாவின் தொழிற்சாலை அடையாற்றிலிருந்து சிறிது தொலைவில் பெருங்குடியில்தான் இருந்தது.

‘யளனகபக’ என்று முதல் பாடத்தை அடித்துப் பழகிய விரல், எழுத்து விழுந்ததற்கு ஓர் அத்தாட்சி கேட்கும். கம்பி நாடாவில் மோதும் ஒலியும் விரலில் ஏறும் அதிர்வும்தான் அந்த அத்தாட்சி. கம்ப்யூட்டர் வந்தபோது ரப்பர் கீபோர்டில் அது கிடைக்கவில்லை. ப்ளூ சுவிட்சில் கிடைத்தது. இயந்திரத்தில் பழகிய தலைமுறை கோல்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. அவர்களுக்கு இன்றும் நான் ப்ளூவைத்தான் சொல்வேன். பழைய தட்டச்சு முறையில் ஷிஃப்ட் விசைக்கு வேலை அதிகம். எனவே, ஷிஃப்ட், ஸ்பேஸ் போன்ற நீள விசைகள் ஓரத்தில் அழுத்தினாலும் ஆடாமல், கடகடக்காமல் இறங்குகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். நீள விசையின் இரு முனைகளையும் கம்பியால் இணைக்கும் ஸ்டெபிலைசரில் சிக்கனம் பிடித்திருந்தால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ்99 முறையில் எழுதுகிறவர்களின் கதை வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் உருப்பெற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். க, ப, ம, த நான்கும் விரல்கள் இயல்பாக அமரும் நடு வரிசையில் இருப்பதால் வேகம் பிடிக்கும். ஆனால், வலது சுண்டுவிரலின் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். ந, ய, ச, ஞ, ண, ழ என்று ஆறு எழுத்துகளையும் அது ஒன்றே கவனிக்க வேண்டும். ‘நியாயம்’ என்று எழுத ஏழு தட்டு. அதில் மூன்று அந்தச் சுண்டுவிரலுக்கு. கையிலேயே பலம் குறைந்த விரல் அது. நாள் முழுக்கத் தமிழ்99ல் எழுதுகிறவர் 60 கிராம் ப்ளூவிலோ பிளாக்கிலோ சிக்கிக்கொண்டால் மாலையில் அந்த விரலின் வெளிப்பக்கம் கடுக்கும். ரெட், அல்லது மென்மையான பிரவுன் போதும். சுவிட்சைக் கழற்றி மாட்டும் வசதி உள்ள கீபோர்டாக இருந்தால், எல்லா விசைக்கும் பிரவுன் வைத்துவிட்டு வலது ஓரத்து விசைகளுக்கு மட்டும் இன்னும் லேசான சுவிட்சை வைக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்த ஏற்பாடு தேவைப்படாது. தமிழில் எழுதுகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்து எழுதும் அஞ்சல் போன்ற முறைகளில் ஒரு தமிழ் எழுத்துக்கு இரண்டு மூன்று தட்டு ஆகும். அதிலும் ஆங்கில ‘ஏ’ விசைக்குத்தான் அடி விழுந்துகொண்டே இருக்கும். அந்த முறையில் எழுதுகிறவர்களின் கீபோர்டில் முதலில் அழிந்து பளபளக்கும் மூடி அதுவாகத்தான் இருக்கும்.

5 கோடி என்றால் எத்தனை வருஷம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 40 சொல் வேகம் என்றால் சுமார் 200 தட்டு. மணிக்கு 12,000. ஒரு நாளைக்கு இடைவிடாமல் 6 மணி நேரம் தட்டினால் 72,000. வருஷத்துக்கு 300 வேலை நாள் என்றால் 2 கோடியே 16 லட்சம். இது எல்லா விசைக்கும் சேர்த்து. இதில் அதிகம் அடிபடுவது ஸ்பேஸ். ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு சுவிட்சுக்கு வருஷத்துக்கு 36 லட்சம் தட்டு. சாதாரண ரப்பர் கீபோர்டுக்குச் சொல்லப்படும் ஆயுள் 50 லட்சத்திலிருந்து 1 கோடி. அதாவது ஒன்றரை முதல் மூன்று வருஷம். செரி ப்ளூவுக்குச் சொல்லப்படுவது 5 கோடி. கிட்டத்தட்ட 14 வருஷம். ரெட், பிரவுன், பிளாக் ஆகியவற்றுக்கு 2019 முதல் செரி சொல்வது 10 கோடி; 28 வருஷம். இதுவும் முழுநேரத் தட்டச்சரின் கணக்கு. ஒரு நிரல் எழுதுகிறவரோ கல்லூரி மாணவரோ இதில் நாலில் ஒரு பங்குகூடத் தட்ட மாட்டார்.

அப்படியானால் 5 கோடிக்கும் 10 கோடிக்கும் இடையில் நாம் மயங்க ஒன்றுமில்லை. இரண்டுமே நமக்குப் போதும். இந்தச் சோதனைகள் இயந்திர விரலால் வேகமாகத் தட்டித் தட்டிச் செய்யப்படுபவை. ஸ்பிரிங்கும் தண்டும் தேய்ந்து போகின்றனவா என்று அவை சொல்லும். ஐப்பசி மழையில் ஜன்னலோர மேசையில் மூன்று மாதம் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லாது.

பெசன்ட் நகரிலும் சாஸ்திரி நகரிலும் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். ஜன்னல் கம்பிக்கு எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது, ஏ.சி.யின் வெளிப்பெட்டி எப்படி அரித்துப் போகிறது என்று கதை கதையாகச் சொல்வார்கள். கடலலையில் எழும் நுண்துளிகள் உலர்ந்து, உப்புத் துகளாகக் காற்றில் மிதந்து, வீட்டுக்குள் வந்து படிகின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சுவிட்சுக்குள் இருக்கும் தொடுதகட்டின் மேல் அந்த ஈரப் படலம் படிந்தால் உலோகம் மெல்ல அரிக்கும்.

செரி தன் தொடுமுனைகளுக்குத் தங்கக் கலவையைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். தங்கம் கறுக்காது. இரு முனைகளும் குறுக்கும் நெடுக்குமாக, கூர்மையான விளிம்பில் தொடுவதால் சிறு தூசி இருந்தாலும் நசுக்கி ஒதுக்கிவிடும். விலை மலிவான சுவிட்சுகளில் பூச்சு மெல்லியது, அல்லது கலவை மட்டம். முதல் ஆறு மாதம் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு தெரியும்.

எழுத்து இரண்டு தடவை விழுவது இதனால்தான். இரண்டு உலோகத் தகடுகள் மோதும்போது ஒட்டிக்கொள்வதற்கு முன் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி துள்ளும். எல்லாச் சுவிட்சிலும் இது உண்டு. கீபோர்டுக்குள் இருக்கும் சிப் அந்தத் துள்ளலை எதிர்பார்த்து 5 மில்லிசெகண்டு போலப் பொறுத்திருந்து ஒரே தட்டாக எண்ணிக்கொள்ளும். அரிப்போ அழுக்கோ சேர்ந்தால் துள்ளல் நீண்டு அந்த எல்லையைத் தாண்டிவிடும். சிப் அதை இரண்டாவது தட்டு என்று எடுத்துக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் இது கண்ணில் படும் பிழை. தமிழ்99ல் இது ஆபத்தான பிழை. காரணம், ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி வைத்துவிடும் வசதி அந்த முறையில் இருக்கிறது. எழுதும்போது பெரிய உதவி. சுவிட்ச் கெட்டுவிட்டால் அதுவே எதிரி. ‘ட’ விசை துள்ளினால் ‘பாடு’ என்பது ‘பாட்டு’ ஆகும். ‘வீடு’ ‘வீட்டு’ ஆகும். ‘ல’ துள்ளினால் ‘கலை’ ‘கல்லை’ ஆகிவிடும். எல்லாமே தமிழில் வழங்கும் சொற்கள். பிழைதிருத்தி மென்பொருள் பிடிக்காது. அவசரத்தில் படிக்கும் பிழைதிருத்துபவர் கண்ணுக்கும் தப்பும். தமிழில் எழுதிப் பிழைப்பவர்கள் நல்ல தொடுமுனை உள்ள சுவிட்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

கடலோரத்துக்கு ஏற்ற வேறு வழிகளும் வந்திருக்கின்றன. கைல் நிறுவனத்தின் ‘பாக்ஸ்’ வகையில் தண்டைச் சுற்றி ஒரு சதுரச் சுவர் இருக்கும். தொடுமுனை தனி அறைக்குள் அடைபட்டிருக்கும். தூசிக்கும் நீர்த்தெறிப்புக்கும் ஐபி56 என்ற தரமதிப்பு அதற்கு உண்டு. ப்ளூ போல ‘டிக்’ வேண்டும், ஆனால் ஈரம் பயம் என்பவர்களுக்கு பாக்ஸ் ஒயிட் மிகப் பொருத்தம். இன்னொரு வழி, உலோகம் உலோகத்தைத் தொடாமலே எழுத்தை விழச் செய்வது. ஆப்டிக்கல் வகையில் தண்டு ஓர் ஒளிக்கற்றையை மறைத்தோ திறந்தோ விடுகிறது. மேக்னடிக் வகையில் தண்டின் அடியில் ஒரு சிறு காந்தம். கீழே உள்ள ஹால் உணரி அதன் நெருக்கத்தை அளக்கிறது. ஹனிவெல் நிறுவனம் 1960களின் இறுதியிலேயே செய்துகாட்டிய உத்திதான் இது. நெதர்லாந்தின் வூட்டிங் அதை கேமிங்குக்காக மீட்டெடுத்தது. அரிப்பதற்குத் தொடுமுனையே கிடையாது என்பதால் இங்கே அது கேம் ஆடாதவர்களுக்கும் பயன்படும். ஆனால், ஒன்று: இந்த வகைச் சுவிட்சுகள் பெரும்பாலும் ரெட் போல நேராக இறங்குபவை. ‘டிக்’ கேட்டுப் பழகியவர்களுக்குச் சப்பென்று இருக்கும்.

கழற்ற முடிந்ததை வாங்குங்கள்

கோல்டு போன்ற பழைய கீபோர்டுகளில் சுவிட்சைச் சர்க்யூட் போர்டில் ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒரு சுவிட்ச் போனால் சால்டரிங் தெரிந்த கை வேண்டும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மொபைல் போன் போர்டையே பூதக்கண்ணாடி வைத்துச் சரிசெய்கிறார்கள். இரண்டு உலோகக் கால் உள்ள சுவிட்ச் அவர்களுக்கு எம்மாத்திரம்? புது சுவிட்சை நீங்கள் வாங்கிக்கொண்டு போனால் சில நிமிட வேலை. அதிகம் பயன்படுத்தாத ஸ்க்ரோல் லாக் போன்ற விசையின் சுவிட்சைக் கழற்றிக் கெட்டுப்போன விசைக்கு வைத்து ஒட்டும் தந்திரமும் உண்டு.

இப்போது வரும் பல கீபோர்டுகளில் ஹாட்-ஸ்வாப் என்ற வசதி இருக்கிறது. போர்டில் சாக்கெட் இருக்கும். சின்ன இடுக்கி கொண்டு சுவிட்சை வெளியே இழுத்து, புதியதை அழுத்திச் செருகிவிடலாம். ஈயப்பற்றும் வேண்டாம், கடையும் வேண்டாம். செருகும்போது மட்டும் நிதானம் தேவை. சுவிட்சின் மெல்லிய செப்புக் கால்கள் கோணினால் மடங்கிவிடும். மூன்று கால், ஐந்து கால் என்று இரண்டு வகைச் சுவிட்சுகள் உள்ளன. மூன்று துளை மட்டுமே உள்ள போர்டில் ஐந்து காலுள்ளதைப் பொருத்த வேண்டுமென்றால் இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்ட வேண்டியிருக்கும். கீக்ரான் போன்றவர்களின் கீபோர்டுகளில் இந்த வசதி உள்ளதும் இல்லாததும் என ஒரே மாடலில் இரண்டு வகையும் விற்கும். விலை வித்தியாசம் அதிகமில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் இந்த வசதி இல்லாததை வாங்கவே கூடாது என்பது என் தீர்ப்பு. சுவிட்சின் தரத்தில் ஏமாந்துவிட்டாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். போர்டில் ஒட்டியதை அப்படி எளிதாக மாற்ற முடியாது.

கேபிளும் அப்படித்தான். நிரந்தரமாகப் பொருத்திய கேபிள் கழுத்தில் அறுந்தால் தொல்லை. டைப்-சி கேபிள் தனியாகக் கழன்று வருவதாக இருக்கட்டும். வயர்லெஸ் வசதி உங்கள் விருப்பம்; உள்ளே இருக்கும் பேட்டரி சில வருஷங்களில் உப்பும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூடிகளுக்கு வருவோம். பெரும்பாலான மூடிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். விரலின் எண்ணெயும் வியர்வையும் பட்டு ஒரே வருஷத்தில் வழவழவென்று மின்னும். வெயில் பட்டால் வெளிர் நிறங்கள் மஞ்சளாகும். பிபிடி கொஞ்சம் கெட்டி, சொரசொரப்பு. மின்ன நெடுநாள் ஆகும். நம் வியர்வைக்கு பிபிடிதான் சரி. எழுத்து எப்படிப் பதிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். மேலே மையால் அச்சிட்டிருந்தால் நகத்துக்குத் தட்டுப்படும்; சீக்கிரம் அழியும். இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்துச் செய்த டபுள்ஷாட் மூடியில் எழுத்து ஒருநாளும் அழியாது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய இன்ஸ்டிடியூட்டுகளில் மாலை ஆனதும் பொறிகளுக்குத் துணியுறை போடுவார்கள். அந்தப் பழக்கத்தை மீட்டெடுங்கள். பருத்தித் துணி போதும்; பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். ஜன்னலோர மேசையானால் இரவில் ஜன்னலைச் சாத்துங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மூடிகளைக் கழற்றி, சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். எழுத்து இரண்டு தடவை விழத் தொடங்கினால், கேபிளைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சுவிட்சின் தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு துளி ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டு, பலமுறை வேகமாகத் தட்டி, நன்றாக உலரவிடுங்கள். பல நேரம் சரியாகிவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே அடிக்காதீர்கள். ஃபில்டர் காபி கொட்டிவிட்டால் முதல் காரியம் கேபிளைப் பிடுங்கி, கீபோர்டைக் கவிழ்ப்பது. சர்க்கரையும் பாலும் காய்ந்து ஒட்டிய சுவிட்ச் பிழைப்பது அரிது. அந்தச் சுவிட்சுகளை மாற்றிவிடுவதே நல்லது.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு அறை ஃபிளாட்டில், ஒரு சுவர் தள்ளிக் குழந்தையோ வயதானவர்களோ தூங்கும் வீட்டில் நள்ளிரவு ஷிஃப்ட் பார்ப்பவர் ப்ளூ வாங்குவது நியாயமில்லை. அதற்கென்றே தண்டின் முனைகளில் ரப்பர் வைத்த சைலன்ட் ரெட் போன்ற சுவிட்சுகள் இருக்கின்றன.

ஆக, யாருக்கு எது? தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய கை, தனியறை, பெரிய மேசை என்றால் கோல்டு வகை ப்ளூ இன்றும் கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். கடலுக்கு மிக அருகில் இருந்தால் அதே ‘டிக்’குக்கு பாக்ஸ் ஒயிட். தமிழ்99ல் நாள் முழுக்க எழுதுகிறவருக்கு ஹாட்-ஸ்வாப் போர்டு, பிரவுன் அல்லது ரெட், வலது ஓரத்தில் இன்னும் லேசான சுவிட்ச். கூட்டுக் குடும்பத்துக்கு சைலன்ட். வண்ண விளக்குக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

எல்.பி. ரோட்டு அலுவலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கோல்டு என்ற பெயருக்கு இந்த ஊரில் சம்பாதித்த நம்பிக்கை இன்னும் இருக்கிறது. டபுள்ஷாட் பிபிடி மூடியில் தமிழ்99 எழுத்துகளோடு, சுவிட்சைக் கழற்றி மாற்றும் சாக்கெட்டோடு, உதிரிச் சுவிட்சைத் தனியே வாங்கும் வசதியோடு ஒரு கோல்டைத் தெருமுனைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்படி செய்யுங்கள். தமிழ்நாட்டின் டி.டி.பி. சென்டர்களும் பத்திரிகை அலுவலகங்களும் அதை வரிசையில் நின்று வாங்கும்.